மாமனாரின் வானம்

அந்த வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு சட்டம்தான். எதையும் மூடக் கூடாது.

யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் திறக்கலாம். வேலை முடிந்ததும் விண்டோவைக் கீழே இறக்கி வைக்கலாம். மேல் மூலையில் இருக்கும் பெருக்கல் குறிப் பக்கம் மட்டும் போகக் கூடாது. சட்டம் போட்டவர் மாமனார். கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். இரும்புத் தூணை விரற்கடை பிசகாமல் இறக்கி வைத்த கை சும்மா இருக்குமா? திரையில் படத்துண்டுகளை இழுத்து இழுத்துப் பொருத்தும் ஒரு விளையாட்டைப் பிடித்துக்கொண்டது. மலை, ஏரி, படகு எல்லாம் சேர்ந்தாயிற்று. வானம் பாதியில் நிற்கிறது. மருந்துக்குக்கூட ஒரு மேகம் இல்லாத நீலம். அதில் ஒரு துண்டுக்கும் இன்னொரு துண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க அவரைப் போலப் பொறுமை வேண்டும், அல்லது அவரைப் போல வேறு வேலை இல்லாதிருக்க வேண்டும்.

அந்த விளையாட்டில் சேமித்து வைக்க வழி கிடையாது. மூடினால் மூடியதுதான், மறுபடி முதல் துண்டிலிருந்து தொடங்க வேண்டும். ஒருமுறை பேரன் கைதவறி மூடிவிட்டான். மாமனார் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. இரண்டு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்குப் பிறந்ததுதான் இந்தச் சட்டம். அன்றிலிருந்து மெஷினும் அணைந்ததில்லை. கரண்ட் போய் யுபிஎஸ் கத்த ஆரம்பித்தால் வீடே ஓடி வரும். வந்து என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியாது, ஆனாலும் ஓடி வரும்.

இப்படிப்பட்ட மெஷினில்தான் அந்த வீட்டு மருமகள் அன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் ஒரு வேலையை முடித்தாக வேண்டியிருந்தது. பிள்ளை பிறந்தபோது வேலையை விட்டவள். பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின் எத்தனையோ இடத்தில் முட்டிப் பார்த்து, இப்போதுதான் ஒரு கம்பெனி கடைசிப் பரீட்சை வரை கூப்பிட்டிருக்கிறது. அவர்கள் அனுப்பிய புரோகிராமைத் தன் வீட்டு மெஷினில் ஓட்டிக் காட்ட வேண்டும். அதற்கு முதலில் பில்ட் டூலை இன்ஸ்டால் செய்ய வேண்டும். தனித்தனியாகக் கிடக்கும் கோப்புகளை எல்லாம் எடுத்து, முறைப்படி கோத்து, ஓடுகிற ஒரே புரோகிராமாக ஆக்கித் தருவது அதுதான். ஒரு காலத்தில் இதையெல்லாம் தூக்கத்தில்கூடச் செய்தவள் அவள்.

டூலை இணையத்திலிருந்து இறக்கினாள். சுருக்கிக் கட்டியிருந்த கோப்பைப் பிரித்து ஓர் இடத்தில் வைத்தாள். டூல் எங்கே இருக்கிறதென்று மெஷினுக்குத் தெரிய, அந்த இடத்தின் பாதையை அதன் செட்டிங்கில் சேர்த்தாள். கட்டளைகளைத் தட்டுவதற்கென்று எப்போதோ திறந்து கீழே இறக்கி வைத்திருந்த கறுப்பு விண்டோவை மேலே கொண்டுவந்து டூலின் பெயரைத் தட்டினாள். அப்படி ஒரு கட்டளையே கிடையாது என்றது மெஷின்.

பாதையைச் சரிபார்த்தாள். எழுத்து எழுத்தாகச் சரி. கறுப்பு விண்டோவை இறக்கினாள், ஏற்றினாள், தட்டினாள். கிடையாது. டூலை அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வைத்தாள். கிடையாது. சாண் ஏறினால் முழம் சறுக்கியது. மணி பதினொன்றைத் தாண்டியபோது, டூல் மேல் இருந்த சந்தேகம் மெல்ல அவள் மேலேயே திரும்பியது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? எல்லாம் மறந்துதான் போய்விட்டதோ? இதையே செய்யத் தெரியாதவளுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இணையத்தில் தேடியபோது யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்தான்: 'மெஷினை ஒருதடவை அணைச்சுப் போடுங்க. எனக்குச் சரியாச்சு.'

அவள் திரையில் பாதியில் நின்ற வானத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து சமையலறைக்குப் போய்க் கணவனுக்குப் போன் செய்தாள்.

"அப்பாகிட்ட கேட்டுப் பாரேன்" என்றான் அவன்.

"நீங்க கேளுங்க. உங்க அப்பாதானே?"

"நானா? இப்ப மீட்டிங் இருக்கு" என்று கட் பண்ணிவிட்டான். அவனுக்கு மீட்டிங் எப்போதுமே இப்படிச் சரியான நேரத்தில்தான் வரும்.

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த மாமியாரைப் பார்த்தாள். "அத்தை, நீங்களாவது..."

"பூனைக்கு நான் மணி கட்டணுமா? நல்லாயிருக்கே! கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருஷத்துல அந்த மனுஷன் இவ்வளவு ஆசையா ஒண்ணு செஞ்சு நான் பார்த்ததில்லம்மா. எனக்கு மனசு வரலை."

"எனக்கும்தான் அத்தை வரலை. விடுங்க, போனா போகுது. இது இல்லன்னா வேற வேலை."

சொல்லிவிட்டாளே தவிர, வேறு வேலை எங்கே இருக்கிறது?

அப்போதுதான் கூடத்தில் யுபிஎஸ் வீல் என்று கத்தியது.

"ஐயோ, கரண்டு போச்சு!" என்று மாமியார் சோப்புக் கையோடு ஓடினாள். மருமகள் பின்னால் ஓடினாள். கூடத்தில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. சுவர் ஓரமாக, பிடுங்கிய பிளக்கைக் கையில் பிடித்தபடி மாமனார் நின்றார். தண்ணீர் குடிக்கச் சமையலறை வரை வந்தவர் காதில் எல்லாம் விழுந்திருக்கிறது. அணைக்க நினைத்தவருக்கு எப்படி அணைப்பது என்று தெரியவில்லை. அணைத்துப் பழக்கம் இருந்தால்தானே?

"இது ஏன் இன்னும் கத்திட்டே இருக்கு? அணைய மாட்டேங்குதே!" என்றார் எரிச்சலாக.

"மாமா, வேண்டாம் மாமா! உங்க வானம்..."

"வானம் எங்கம்மா போகப் போகுது? நீ நேரத்தைப் பாரு."

யுபிஎஸ்ஸின் பட்டனை அவரே தேடி அமுக்கினார். திரை இருண்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிளக்கை மறுபடி சொருகிவிட்டு, வேகமாக வாசல் பக்கம் போய்விட்டார்.

மெஷின் உயிர் பெற்றது. மருமகள் கறுப்பு விண்டோவைத் திறந்து பெயரைத் தட்டினாள். டூல் தன் பெயரையும் பதிப்பு எண்ணையும் சமர்த்தாகச் சொன்னது. அடுத்த கட்டளைக்குக் கோப்புகள் மளமளவென்று ஓடி, கடைசியில் பச்சை எழுத்தில் 'வெற்றி' என்று வந்து நின்றது. பன்னிரண்டு அடிக்கச் சில நிமிஷம் இருந்தது.

ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அந்தக் கம்பெனியின் குழுத் தலைவியைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள்.

"அருமை. எங்கேயாவது மாட்டிச்சா?"

பொய் சொல்ல வரவில்லை. "டூலைத் தெரியலைன்னே சொல்லிட்டிருந்தது மேடம். கடைசியில மெஷினையே அணைச்சுப் போட்டோம்."

"அதுக்கு எதுக்குங்க அணைக்கணும்? அந்தக் கறுப்பு விண்டோவை மூடிட்டு, புதுசா ஒண்ணு திறந்தா போதுமே! பழைய விண்டோவுக்கு, அது திறந்தப்ப இருந்த பாதைதானே தெரியும்?"

மருமகளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆமாம், அவ்வளவுதான்! இது தெரியாதா அவளுக்கு? மூடக் கூடாது, மூடக் கூடாது என்று பழகிப் பழகி, மூட வேண்டும் என்று தோன்றவே இல்லை. குரலைத் தாழ்த்தி, சட்டத்தையும் வானத்தையும் பிளக்கையும் அப்படியே சொன்னாள். போச்சு, குடி முழுகியது என்று நினைத்தாள்.

அந்த நேரம் பார்த்து மாமனார் பின்னால் வந்து நின்றார். "மேலதிகாரியா? ஒரு நிமிஷம் குடும்மா" என்று ஹெட்செட்டைக் கழற்றித் தன் தலையில் மாட்டிக்கொண்டார்.

"வணக்கங்க. மாமனார் பேசறேன். மெஷினை அணைச்சது நான்தாங்க. இவ தயங்கிட்டே இருந்தா. அணைச்சதும் பாருங்க, ஓடிடுச்சு!"

தலைவி என்ன சொல்கிறாள் என்று மருமகளுக்குக் கேட்கவில்லை. மாமனாரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகம் விரிந்தது. மீசைக்கடியில் சிரிப்பு வந்தது. "அப்படிங்களா? ரொம்ப சந்தோஷங்க" என்று ஹெட்செட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"சரியான நேரத்துல அணைச்சீங்க, இல்லன்னா இன்னிக்கு நடந்திருக்காதுன்னு ஐயாகிட்ட சொல்லிட்டேன்" என்றாள் தலைவி. "நீங்களும் அப்படியே வச்சுக்குங்க. திங்கக்கிழமை வேலைக்கு வந்துடுங்க."

மருமகள் மேஜையிலேயே தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. அந்த மனிதர் மேல் அவளுக்கு அவ்வளவு பாசம் பொங்கியது. மாமியார் ஈரக் கையாலேயே அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.

மாமனாருக்கு இந்த அழுகையெல்லாம் ஒத்துவராது. அவளை எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்து, புதுப் படம் ஒன்றைத் திறந்தார். இந்தத் தடவை கடல். துண்டுகள் திரை முழுக்கச் சிதறின. முதல் துண்டை மூலையில் இறக்கி வைத்தபடி, திரும்பாமலே சொன்னார்:

"இனிமே எது ஓடலைன்னாலும் தயங்காம சொல்லும்மா. உடனே அணைச்சுத் தர்றேன்."