ஏழாம் படியில் பதினொரு பேர்

கையேட்டின் நாற்பத்தோராம் பக்கத்தில், ஏழாம் படிக்குப் போனவர்கள் யாரும் எட்டாம் படிக்கு வரவில்லை. ஏன் என்று குமுதவல்லிக்குப் புரியவில்லை. பதினொரு பேர் அங்கேயே நின்றார்கள். பதினோராவது ஆள் அவள் கணவர் தணிகாசலம்.

பார்வையற்றவர்களுக்குக் கணினித் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்றின் கையேடு அது. அதில் பிழை திருத்துவது குமுதவல்லியின் வேலை. மற்ற பத்துப் பேரைப் போலவே தணிகாசலத்துக்கும் பார்வை கிடையாது. படிகள் சரியா என்று பார்த்துச் சொல்ல செவ்வாய்க்கிழமை உள்ளே போனார். பக்கங்கள் நடைவழிகளாகத்தான் இருக்கும். எல்லா அலுவலகங்களிலும் அப்படித்தான்.

ஏழாம் படி இது: 'பச்சைப் பொத்தானை அழுத்தவும்.'

அவள் அதை 'வெளிர்பச்சை' என்று திருத்தினாள். நடைவழி பத்தடி நீண்டது. 'வலது மூலையில், வேப்பந்தளிர் நிறத்தில் உள்ள பொத்தான்' என்று திருத்தினாள். தணிகாசலம் கடுகளவு தெரிந்தார்.

எதிர் மேசை ஜெசிந்தாவின் பக்கங்களில் ஆட்கள் நுழைந்தார்கள், முடித்தார்கள், கேன்டீனுக்குப் போனார்கள். திரும்பும்போது அவளுக்கு வடை வாங்கி வந்தார்கள். குமுதவல்லிக்கு வயிறு எரிந்தது. புகை வந்தது. மேலாளர் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைம்மா. அஞ்சு மணிக்குள்ள உங்க வீட்டுக்காரர் வெளிய வரலைன்னா, ஜெசிந்தா பக்கத்துக்கு மாத்திடுவோம்."

"மாத்தினா?"

"அந்தப் பக்கத்து ஆளாயிடுவாரு. ரேஷன் கார்டுலயும் அங்கதான் பேரு."

"எனக்கு ஒண்ணும் சிரமமில்லக்கா," என்றாள் ஜெசிந்தா, வடையை மென்றபடி.

"உனக்கு ஏன் சிரமமா இருக்கும்?"

குமுதவல்லி செருப்பைக் கழற்றிவிட்டு நடைவழிக்குள் இறங்கினாள். கணவரிடம் போய்ச் சேரும்போது மணி ஐந்தாக இரண்டு நிமிடம் இருந்தது.

"இங்க என்னங்க பண்றீங்க?"

"பச்சை வரட்டும்னு நிக்கிறேன்."

"உங்களுக்குப் பச்சை எப்படிங்க தெரியும்?"

"தெரியாதுதான். நீ எழுதியிருக்கியே, காரணம் இல்லாமலா இருக்கும்?"

மற்ற பத்துப் பேரும் தலையாட்டினார்கள்.

"சரி, இங்க என்னதான் கேக்குது?"

"டேப் கீயை மூணு தடவ தட்டினா 'சேமி, பொத்தான்'னு குரல் வருது. நாலு நாளா வந்துட்டுதான் இருக்கு."

"அதை ஏன் சொல்லல?"

"நீ கேக்கலையே. ஜெசிந்தான்னா மொதல்ல அதைத்தான் கேப்பா."

அவளுக்குச் சுருக்கென்றது. அந்தப் பெயரை இந்த மனிதர் இன்னொரு முறை சொல்லக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்தாள். பென்சிலை எடுத்துச் சுவரில் எழுதியிருந்த 'பச்சை'யை அடித்தாள். மூலையை அடித்தாள். வேப்பந்தளிரையும் அடித்தாள். புதிதாக எழுதி முடித்ததும், பதினொரு பேரும் அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு எட்டாம் படிக்குப் போனார்கள். தணிகாசலம் முதலில் போய், மணி ஐந்து அடிப்பதற்குள் வெளியே வந்துவிட்டார்.

ஏழாம் படி இப்போது இப்படி இருக்கிறது:

'டேப் விசையை மூன்று முறை அழுத்தவும். "சேமி, பொத்தான்" என்று கேட்டதும், என்டர் விசையை அழுத்தவும்.'