கதவுக்கு முன்னால் மூன்று மூச்சு

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு இன்னும் இரண்டு பேரையாவது போடுங்கள் என்று சிஸ்டர்கள் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். நிர்வாகம் மூச்சுப்பயிற்சி சொல்லித்தர ஒருவரை அனுப்பியது. கதவைத் திறக்குமுன் நில்லுங்கள், கண்ணை மூடுங்கள், நிதானமாக மூன்று மூச்சு இழுத்து விடுங்கள், மனபாரம் குறையும் என்றார் அவர்.

"பசிக்குதுன்னு சொன்னா ஏப்பம் விடக் கத்துக்குடுக்கறாங்க" என்று மூத்த சிஸ்டர் முணுமுணுத்தாள்.

இளைய சிஸ்டருக்கு மட்டும் அது பிடித்துப்போயிற்று. சாப்பாடு ஆறிப்போகும், வீட்டிலிருந்து போன் வந்தால் எடுக்க முடியாது. அந்த மூன்று மூச்சு ஒன்றுதான் வேலைக்கு நடுவே அவளுடையதாக இருந்தது. எல்லாக் கதவுக்கும் நிற்க நேரம் ஏது? உறவினர்கள் காத்திருக்கும் அறைக்குக் கெட்ட சேதியோடு போகும்போது மட்டும் நிற்பாள். அந்தக் கதவில் கண்ணாடி பதித்திருந்ததை அவள் யோசிக்கவேயில்லை.

ஒருநாள் காலை அந்த அறைக்கு வெறும் கையெழுத்து வாங்கப் போனாள். தலையைச் சுற்றியது. கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். கண்ணைத் திறந்தபோது உள்ளே ஏழாம் படுக்கைக்காரரின் மனைவி தரையில் சரிந்து கதறிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, அவர் உயிரோடதான் இருக்காருக்கா! நான் கையெழுத்துக்குத்தான் வந்தேன்."

"அப்புறம் ஏன் சிஸ்டர் நின்னீங்க? நீங்க கண்ண மூடிட்டு வந்தா யாரோ போயிட்டாங்கன்னு இங்க எல்லாருக்கும் தெரியும்." அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே அப்படி நிக்காதீங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

"நிக்க மாட்டேன்க்கா."

சொன்ன பிறகுதான் எதை விட்டுக்கொடுத்துவிட்டோம் என்று உறைத்தது. அன்றிலிருந்து எல்லாக் கதவையும் ஒரே வேகத்தில் தள்ளிக்கொண்டு போனாள். வீட்டுக்குப் போனால் பிள்ளையிடம் எரிந்து விழுந்தாள்.

அந்த வாரக் கடைசியில், மதியம், ஏழாம் படுக்கைக்காரரின் இதயம் நின்றது. ஆன மட்டும் போராடியும் திரும்பவில்லை.

"அவங்களக் கூட்டிட்டு வாம்மா, நான் சொல்லிக்கறேன்" என்றார் டாக்டர்.

நடக்க நடக்கக் கதவு நெருங்கியது. நின்றால் கண்ணாடி வழியாகவே சொன்னதாகிவிடும். நிற்க மாட்டேன் என்று வாக்கு வேறு கொடுத்தாயிற்று. மூச்சை அடக்கிக்கொண்டு கதவைத் தள்ளினாள்.

அந்த அம்மா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிஸ்டர் நிற்காமல் உள்ளே வந்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்திலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள்.

"வாங்க சிஸ்டர், செத்த உக்காருங்க. உங்களுக்கும் கால் வலிக்கும்ல" என்றாள் சிரித்துக்கொண்டே.