எட்டாவது மூச்சு

என் மனைவி மயிலாத்தாளைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்து காற்றுத் தலையணை ஊதிக்கொண்டிருந்தாள். பதினோரு வருடம் கழித்து எனக்குக் கொரோனா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அந்தத் தலையணையில் இருந்ததைத்தான் எனக்குக் கொடுத்தார்கள்.

அங்கே அதுதான் வழக்கம். ஆக்சிஜன் லாரி வந்த நாட்களில் குழாயில் வருவதைக் கொடுத்தார்கள். வராத நாட்களில் வீட்டு மூச்சு. நோயாளியின் வீட்டில் யாராவது வாயால் ஊதி எதிலாவது அடைத்து வைத்தது வீட்டு மூச்சு. கொரோனாவுக்கு முன்னால் ஊதியதாக இருக்க வேண்டும். புதிதாக ஊதிக் கொண்டு வந்தால் கிருமி இருக்கும் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். காலை ஒன்பது மணிக்கு வார்டு வாசலில் பந்துகளும் பலூன்களும் பிள்ளைகள் நீந்தப் பழகும் ரப்பர் வளையங்களும் பெயர்ச்சீட்டு ஒட்டி வரிசையாக இருக்கும்.

ஒரு நாளைக்கு ஒரு மூச்சு. ஜெசிந்தா சிஸ்டர் அதன் வாயில் ரப்பர் குழாயைச் செருகி, மறுமுனையை முகமூடியில் மாட்டி, ஒன்று என்று எண்ணி உடனே மூடிவிடுவார். நாகர்கோவில்காரர். கை நடுங்காது.

ஊதும்போது யாராலும் பேச முடியாது. அந்த நேரத்தில் சொல்ல வந்தது மூச்சோடு உள்ளே போய்விடும். பிறகு அதை யார் இழுக்கிறாரோ அவர் வாய் வழியாக வெளியே வரும். எதிர்க் கட்டிலில் ஒரு தையல்காரர் இருந்தார். அவர் மகன் ஏதோ ஒரு பிறந்தநாளுக்கு ஊதிய பலூன்கள் சுருங்கிப்போய் வந்திருந்தன. ஒவ்வொரு காலையும் அந்தப் பெரிய மனிதர் மெல்லிய குரலில், "போதுமாப்பா? வெடிச்சிருமாப்பா?" என்று கேட்டுவிட்டுத் தூங்கிப்போவார்.

என் வீட்டில் ஊதி வைத்தது என்று அந்தத் தலையணை ஒன்றுதான் இருந்தது. எதிர்வீட்டு ராஜாமணியிடம் ஒரு சாவி இருந்ததால் கட்டில் மேலிருந்து அதை எடுத்து வந்து கொடுத்தாள். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து போன் செய்தாள்.

"அண்ணா, அண்ணி தலகாணி நல்லா கிண்ணுனு இருக்குது. ஒரு பொட்டுக் காத்துக்கூட எறங்கல."

"எறங்காது. மூடியை அவதான் திருகினா" என்றேன்.

மயிலாத்தாள் எந்தத் தலையணையையும் பன்னிரண்டு மூச்சில் ஊதி முடிப்பாள். இளைப்பு உள்ளவள். ஒன்று ஊதி, கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, கொஞ்சம் வெளியே வேடிக்கை பார்த்துவிட்டு அடுத்ததை ஊதுவாள். எந்த வேலையை எடுத்தாலும் பாதியில் விடமாட்டாள். கோலம் போடும்போது தபால்காரர் வந்தால்கூட, புள்ளி முடிந்த பிறகுதான் நிமிர்வாள்.

அன்று ஈரோடு ஜங்ஷனில் ரயில் கிளம்ப இரண்டு நிமிடம் இருந்தது. மகள் பிரசவத்துக்காக அவள் விசாகப்பட்டினம் போகிறாள். நானும் போயிருக்க வேண்டியது. நகராட்சி நீரேற்று நிலையத்தில் மோட்டார் பார்க்கும் வேலை எனக்கு. கோடைக்காலம், விட்டுவிட்டு வர முடியாது என்று சொல்லியிருந்தேன். உண்மையில் கேட்டிருந்தால் விடுப்புக் கொடுத்திருப்பார்கள். நான் கேட்கவில்லை.

அவள் நான்கு மூச்சு முடித்து ஐந்தாவதைத் தொடங்கியபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "எல்லாம் எடுத்துக்கிட்டியா? ஒண்ணும் மறக்கலையே?"

அவள் கண்கள் பெரிதாயின. வாயை எடுக்கவில்லை. பாதி மூச்சில் விடமாட்டாள். ஊதிக்கொண்டே வலது கையை என்னை நோக்கி வேகமாக ஆட்டினாள். அதற்குள் ரயில் நகர்ந்தது. அவள் ஆட்டிக்கொண்டேதான் இருந்தாள். உள்ளங்கை கீழே பார்த்திருந்தது. வாங்க என்று கூப்பிட்டாளா, போங்க என்று விரட்டினாளா என்பது தெரியவில்லை. அவளிடம் செல்போன் கிடையாது, நானும் பிறகு கூப்பிட்டுக் கேட்கவில்லை.

நாலாம் நாள் காலை, வெந்நீர் போட எழுந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள் என்று மருமகன் போன் செய்தார். போய் எல்லாம் முடித்து, அவள் பையையும் தலையணையையும் கொண்டு வந்தேன். ரயிலில் வழியெல்லாம் தலையணையை மடியில் வைத்திருந்தேன். அதில் தலை வைக்கவில்லை.

வீட்டில் பெரிய மாற்றம் ஒன்றும் செய்யவில்லை. பூனை வரும் என்று கிளம்பும்போது சமையலறைக்கு அவள் வெளித்தாழ்ப்பாள் போட்டிருந்தாள். அன்று ரயில் ஏற்றிவிட்டு நேராக வேலைக்குப் போய்விட்டேன். அடுத்த நாட்கள் மெஸ்ஸில் சாப்பிட்டேன். அதற்குப் பிறகும் மெஸ்ஸிலேயே சாப்பிட்டேன். தாழ்ப்பாள் அப்படியே இருக்கிறது. மழைக்காலத்தில் அந்தக் கதவடியில் பால் வாசனை வரும். ராஜாமணி எருமை வைத்திருக்கிறாள். கேஸ் ஏஜென்சியிலிருந்து வருடத்துக்கு ஒரு முறை, "சிலிண்டர் தீரலைங்களா?" என்று கேட்பார்கள். இன்னும் தீரவில்லை என்று சொல்லிவிடுவேன்.

முதல் மூச்சு கொடுத்த அன்று என் விரலில் மாட்டியிருந்த ஆக்சிஜன் கருவி எண்பத்தொன்று காட்டியது. மோட்டார் அறையில் அழுத்தமானியைப் பார்த்தே முப்பது வருடம் கழித்தவன். முள் எங்கே இருந்தால் கவலைப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியும். இழுத்தேன். பிறகு என் வாய், "ஆத்துல தண்ணியே இல்லியே" என்றது.

கடைசியாக ஊதியதுதான் வால்வுக்குப் பக்கத்தில் இருக்கும். அதுதான் முதலில் வரும். பன்னிரண்டாவது மூச்சை அவள் காவிரிப் பாலத்தின் மேல் ஊதியிருக்கிறாள். எண் எண்பத்து மூன்றுக்கு ஏறியது.

மறுநாள், "அந்தப் புளியமரம் இன்னும் நிக்குது" என்றேன். அது பாலத்துக்கு முன்னால் இருக்கும் மரம். அதற்கடுத்த நாள் எதிரே உட்கார்ந்திருந்த யாரிடமோ, "எம் பொண்ணுக்கு இது ரெண்டாவதுங்க" என்றேன். நாளொன்றுக்கு ஒரு மூச்சாக ரயில் பின்னுக்கு வந்துகொண்டிருந்தது. ஐந்தாம் நாள் ரயில்வே காலனி வந்தது. "மொட்டை மாடியில வத்தல் போட்டிருக்காங்க பாரு." ஆறாம் நாள் பிளாட்பாரத்தின் முனை. "இன்னும் அங்கியே நிக்கிறாரு. போக மாட்டீங்கறாரே." ஏழாம் நாள், "சட்டையக்கூட மாத்தாம வந்திருக்காரு. மூணாவது பித்தான் இல்ல."

உண்மைதான். அந்தச் சட்டையில் மூன்றாவது பித்தான் இல்லை. இன்றும் இல்லை.

எட்டாவது மூச்சில், அதாவது அவள் ஊதிய ஐந்தாவதில், ஜன்னல் வரும், அவள் கையாட்டல் வரும். வாங்க என்றாளா போங்க என்றாளா என்று தெரிந்துவிடும். கூப்பிட்டிருந்தால் நான் ஏறியிருக்க வேண்டும். கூடப் போயிருந்தால் அந்தக் காலை வெந்நீரை நான் போட்டிருப்பேன். பதினோரு வருடமாக இதையே நினைத்துக்கொண்டு மெஸ்ஸில் சாப்பிட்டிருக்கிறேன்.

பக்கத்துக் கட்டிலில் அர்த்தநாரி இருந்தார். கருங்கல்பாளையத்தில் டயர் கடை. பெரிய உடம்பு. அவர் வீட்டிலிருந்து நான்கு லாரி டியூப்கள் வந்து சுவரோரம் சாய்ந்திருந்தன. எல்லாம் கம்ப்ரசர் காற்று. சிஸ்டர் முறையாக மாட்டிக் கொடுத்துத்தான் பார்த்தார். அவர் எதுவும் பேசவில்லை, எண்ணும் ஏறவில்லை.

"நாப்பது வருசமா இந்த ஊருக்கே காத்துக் குடுத்தவன் நானு" என்றார் என்னிடம். இரண்டு சொல்லுக்கு ஒரு தடவை நிறுத்தினார். "எனக்கு ஒரு வாய்க் காத்துக் குடுக்க ஆளில்ல பாருங்க."

"உங்க வீட்டம்மா எதையும் ஊதினதே இல்லைங்களா?"

"கடையில மிசின் இருக்குதுல்ல? பேரனுக்குப் பலூன்கூட அதுலதான் அடிப்பேன். அவ ஊதறேன்னுதான் சொல்லுவா. நான்தான், உனக்கெதுக்கு அந்தச் சிரமம்னு புடுங்கி மிசின்ல மாட்டிருவேன்." சுவரோர டியூப்களைக் கையால் காட்டினார். "பாசமுங்க. வேறென்ன."

எட்டாம் நாள் காலை டாக்டர் என் விரலைப் பார்த்தார். தொண்ணூற்றாறு. "ஐயாவுக்கு நிறுத்திடலாம். சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம்" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

"சிஸ்டர், இன்னொரு மூச்சு மட்டும்" என்றேன்.

"தொண்ணூற்றாறுக்குக் கொடுக்கக் கூடாது ஐயா. தொண்ணூற்று மூணுக்குக் கீழே இருந்தாத்தான்."

"வீட்டில போய் நானே எடுத்துக்கட்டுமா?"

"குழாயில்லாம எடுத்தா பேச்சு வராது. வெறும் காத்துதான் வரும்."

அவர் சொல்வது சரி. நான் தலையாட்டினேன். அவர் வார்டின் மறுமுனைக்குப் போனதும் மூச்சை அடக்கினேன். கருவி தொண்ணூற்றாறிலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இறங்கியது. தொண்ணூற்று நான்கு. காதுக்குள் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. தொண்ணூற்று இரண்டு ஆனதும் கருவி கூவியது. ஜெசிந்தா சிஸ்டர் திரும்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார். தலையணையை எடுத்து வந்து குழாயைச் செருகினார்.

அப்போதுதான் தெரிந்தது, கூவுவது என்னுடையது மட்டும் இல்லை. அர்த்தநாரியுடையதும் கூவிக்கொண்டிருந்தது. எழுபத்தெட்டு. டியூப்கள் நான்கும் அவருக்குப் பக்கத்தில் கெட்டியாக நின்றன. அவர் என்னைப் பார்க்கவில்லை. மூக்கின் இரண்டு பக்கமும் குழிந்து குழிந்து எழுந்தன. லாரி சேலம் தாண்டவில்லை என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள்.

முகமூடி என் முகத்துக்கு நாலு விரல் தூரத்தில் இருந்தது. தலையணை சிஸ்டரின் இடுப்பில் இருந்தது. ஒரு மூலையில் மயிலாத்தாள் மை பேனாவால் எங்கள் பெயர் எழுதியிருந்தாள். வழியில் மாறிவிடக் கூடாது என்று.

"அவருக்குக் கொடுத்துருங்க" என்றேன்.

"எதை?"

"இருக்கிறதெல்லாம். அஞ்சு இருக்கு."

சிஸ்டர் படிவத்தை எடுத்தார். "வாங்கறவர் உங்களுக்கு என்ன உறவு?"

"பக்கத்துக் கட்டில்."

அவர் பட்டியலில் விரலை ஓட்டினார். பெரியப்பா மகனுக்கும் சம்பந்திக்கும் நடுவில் பக்கத்துக் கட்டில் என்று அச்சாகியிருந்தது. அதில் ஒரு டிக் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அர்த்தநாரிக்கு முகமூடியை மாட்டினார். "ஒண்ணு" என்றார். அந்தப் பெரிய மார்பு ஏறியது. நான் எழுந்து உட்கார்ந்துகொண்டேன். அவர் தலையை என் பக்கம் திருப்பினார். கண்கள் பெரிதாயின. வலது கை உயர்ந்து வேகமாக ஆடியது, உள்ளங்கை கீழே பார்த்தபடி.

"ஏனுங்க" என்றார் அர்த்தநாரி. "பின்னாடி அடுப்புல பால வெச்சது வெச்சபடியே வந்துட்டனுங்க. சின்னதாத்தான் எரியுது. பொங்கறதுக்குள்ள போயி எறக்குங்க. போங்க, போங்க, நிக்காதீங்க. சூடு ஆறுனதும் ஒரு கரண்டி மோரு விட்டு வெய்யிங்க. நாலு நாளைக்குத் தயிரு வரும்."

கை கீழே விழுந்தது. எண் எண்பத்து இரண்டு ஆயிற்று.

"சரி" என்றேன்.

எதிர்க் கட்டிலிலிருந்து தையல்காரர் கேட்டார், "எத்தன லிட்டருங்க பாலு?"

"ஒரு லிட்டர் இருக்கும்" என்றேன்.

சாயங்காலம் கிளம்பும்போது அர்த்தநாரி எண்பத்தைந்தில் இருந்தார். இன்னும் நான்கு மூச்சு இருக்கிறது, அதற்குள் லாரி வந்துவிடும் என்று சிஸ்டர் சொன்னார். அந்த நான்கும் ரயில் கிளம்புவதற்கு முன்னால் ஊதியவை. நான் அவள் பக்கத்திலேயே நின்றிருந்த நேரம். அவற்றில் என்ன இருக்கிறது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அர்த்தநாரி கையைப் பிடித்தேன்.

"உங்க வீட்டம்மா கெட்டிக்காரிங்க" என்றார் தன் குரலில்.

"பால மறந்துட்டாளே" என்றேன்.

"ஒரு தடவதான மறந்தாங்க?"

"ஒரு தடவதான்."

ஆட்டோவில் வேகமாகப் போகச் சொன்னேன். பன்னீர்செல்வம் பார்க் சிக்னலில் ஆள் நடமாட்டமே இல்லை. அப்படியும் சிவப்பு விளக்குக்கு நின்றோம். மெதுவாகத்தான் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாசல் கதவைத் திறந்து, கூடத்தைத் தாண்டி, சமையலறைத் தாழ்ப்பாளை விலக்கினேன். கொஞ்சம் துரு. இரண்டாவது இழுப்பில் வந்துவிட்டது.

பின்பக்க அடுப்பில் பால் இருந்தது. நீல நெருப்பு சின்னதாக எரிந்துகொண்டிருந்தது. ஆடை மேலே வந்து, பாத்திர விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே நடுவில் குமிழ் விட்டது. பக்கத்தில் கொடியில் காய்ந்த பிடிதுணி. அதைப் பிடித்து இறக்கி வைத்தேன். அடுப்பை அணைத்தேன். ஜன்னலைத் திறந்தேன்.

விரல் விட்டுப் பார்த்தேன். சுட்டது. மணையைப் போட்டு உட்கார்ந்தேன். சட்டையைப் பார்த்தேன், பித்தான் இல்லாத அதே சட்டைதான், ராஜாமணி கையில் கிடைத்ததைக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். டப்பாக்கள் எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. கடுகு டப்பாவின் மூடி சரியாக மூடியிருக்கவில்லை. அதை அழுத்தி மூடினேன். சூடு ஆற முக்கால் மணி நேரம் ஆயிற்று.

வாசலில் நின்று ராஜாமணியைக் கூப்பிட்டேன். முகமூடியோடு கேட்டருகே வந்தாள்.

"வந்துட்டீங்களா அண்ணா. ஏதாச்சும் வேணுங்களா?"

"ஒரு கரண்டி மோரு."

கிண்ணத்தில் கொண்டு வந்து மதில் மேல் வைத்துவிட்டு நகர்ந்து நின்றாள். "பாலு வேணுமின்னாலும் இருக்குதுண்ணா."

"பாலு இருக்குது" என்றேன்.

மோரை விட்டுக் கலக்கி மூடி வைத்தேன். மயிலாத்தாள் எப்போதும் வைக்கும் இடத்தில், அரிசி டிரம்முக்குப் பின்னால். இன்று காலை எடுத்துப் பார்த்தேன். கெட்டியாக உறைந்திருக்கிறது. நாலு நாளைக்கு வரும்.