சார்லி ஒரு சிடுமூஞ்சி

எங்கள் மீன் பதனிடும் ஆலையில் செவ்வாய்தோறும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆங்கில வகுப்பு. அதில் ஒரே விதி: பதவியும் மரியாதைச் சொல்லும் வாசலோடு சரி, உள்ளே ஆளுக்கொரு ஆங்கிலப் பெயர். நான் ஹென்றி. எங்கள் மேலாளர் டாக் பியோங்-ஹோ, சார்லி. பெயரைப் பதிந்ததோடு சரி, மூன்று மாதமாக அவர் வகுப்புப் பக்கமே வரவில்லை.

நவம்பரில் என் மாமியார் வீட்டில் குளிர்காலத்துக்குக் கிம்ச்சி, அதாவது முட்டைக்கோஸ் ஊறுகாய், போடுவார்கள். போன வருடம் மேலாளர் விடுப்புத் தராததால் நான் போகவில்லை. மனைவி என்னோடு பதினொரு நாள் பேசவில்லை. இம்முறை இரண்டு நாள் கேட்டு எழுதிய விண்ணப்பம் ஒரு வாரமாக அவர் மேசையில் கையெழுத்தில்லாமல் கிடந்தது.

அந்த எரிச்சலில்தான் அதைச் செய்தேன். 'கிரவுச்' என்றால் சிடுமூஞ்சி. அதை வைத்து ஒரு வாக்கியம் எழுதித் தரச் சொன்னார் ஆசிரியை சூ-ரியோன். நான் எழுதிக் கொடுத்தது: 'சார்லி ஒரு கிரவுச். சாப்பாட்டுக்கு முன் அவர் சிரித்ததே இல்லை.'

அடுத்த செவ்வாய் வகுப்புக்குள் நுழைந்தால், முதல் வரிசையில் மேலாளர்!

ஆசிரியை தாள்களை வரிசையாக வாசித்தார். பொட்டலப் பிரிவு லிண்டா தன் மாமனாரைப் பற்றி எழுதியிருந்தாள். அடுத்து என்னுடையது.

"யாருய்யா எழுதினது?" என்றார் மேலாளர்.

எழுந்து இடுப்பு வளையக் குனிந்தேன். "மன்னிச்சிருங்க, மேலாளரய்யா…"

"மேலாளர் எங்கய்யா இருக்காரு இங்க? சார்லின்னு சொல்லு."

"மன்னிச்சிருங்க… சார்லி."

"வாக்கியமும் தப்பு. சாப்பாட்டுக்கு அப்புறம் மட்டும் நான் என்னைக்குச் சிரிச்சேன்? திருத்து."

லிண்டாவுக்குத் தாங்கவில்லை. "வீட்டுலயாவது சிரிப்பீங்களா, சார்லி?"

"என் பொண்டாட்டியக் கேளு. அவ இதவிடக் கேவலமா சொல்லுவா."

அறை அதிர்ந்தது. ஆசிரியை பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

வகுப்பு முடிந்ததும் மேலாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். என் விண்ணப்பம் அவர் கையில் இருந்தது.

"இங்க நான் மேலாளர். புரியுதா?"

"புரியுதுங்கய்யா."

"மாமியார் வீட்டுல எத்தனை முட்டைக்கோஸ்?"

"இருநூறுங்க."

"இருநூறுக்கு ரெண்டு நாள் எப்படிய்யா பத்தும்? பாதியில ஓடி வந்து அந்தம்மா வாயில விழப்போறியா? மூணுன்னு மாத்தி எழுது."

எழுதினேன். கடுகடுத்த முகத்தோடே கையெழுத்துப் போட்டார். வராந்தாவுக்கு ஓடி வந்து மனைவிக்குப் போன் செய்தேன். சந்தோஷத்தில் அவள் போட்ட கூச்சல் பொட்டலப் பிரிவு வரை கேட்டதாக லிண்டா சொன்னாள்.