நம்பிக்கை தரும் குரல்

வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். வைத்தவன் அண்ணன். பேச்சு வந்த நாளிலிருந்து வாய் ஓயாதவள் என்பதால் வைத்த பெயர். பிறகு அந்த வாயே பிழைப்பாகிவிட்டது. விளம்பரம், பாடப் புத்தகம், வங்கிக்குப் போன் செய்தால் "ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்" என்று ஒரு பெண் நம்மை அலைக்கழிப்பாளே அது, எல்லாவற்றுக்கும் குரல் கொடுப்பாள். வேலை கிடைப்பது இணையத்தில். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே பேரம் பேசும் சந்தை அது.

ஒலிப்பதிவுக் கூடம் என்பது துணி அலமாரிதான். கணவனின் சட்டைகளை ஒரு பக்கம் தள்ளி, உள்ளே ஒரு முக்காலியைப் போட்டு, தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தால் தெருச் சத்தம் பாதியாகக் குறைந்துவிடும். எலி வளையானாலும் தனி வளை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருக்கும் பகல் நேரம்தான் அவளுடைய தொழில் நேரம். பதிவு நடக்கிறது என்பதற்கு அடையாளமாக வாசல் கதவின் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துண்டு தொங்கும். துண்டைப் பார்த்தால் யாரும் மணி அடிக்கக் கூடாது. அண்ணன் மட்டும் தன்னிடம் இருக்கும் சாவியால் திறந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பூனை மாதிரி வந்து கூடத்தில் உட்கார்ந்துகொள்வான்.

அந்தச் சந்தையில் புளுகு அதிகம். ஒரு நாளில் இருபது விளம்பரம் கண்ணில் பட்டால் பதினைந்து பொய். எழுத்துப் பிழையோடு வரும் பொய்யைச் சுலபமாக இனம் கண்டுவிடலாம். அளவுக்கு மீறிப் புகழ்ந்துகொண்டு வரும் பொய்யையும் கண்டுபிடித்துவிடலாம். பொல்லாதது சாம்பிள் கேட்கிற பொய்தான். "உங்கள் குரல் பொருந்துகிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் பேசி அனுப்புங்கள்" என்பார்கள். அனுப்பியதோடு சரி, ஆள் மாயம். அனுப்பிய சாம்பிள்தான் அவர்களுக்கு வேண்டிய வேலையே. ஒரு தடவை ஒருவன் ஒரு சிறுவர் கதையை ஆளுக்கொரு அத்தியாயமாகப் பிரித்து, பன்னிரண்டு பேரிடம் சாம்பிள் வாங்கியே முழுப் புத்தகத்தையும் முடித்துவிட்டான். அந்தக் கதையில் வந்த நரிக்குக்கூட அவ்வளவு மூளை இல்லை. ஏழாம் அத்தியாயம் ரேடியோவுடையது.

அது நடந்த பிறகும் அவள் இன்னொரு தடவை ஏமாந்தாள். கணவன் சிரித்துக்கொண்டே, "பேசாம வாசல்ல இலவச சேவை மையம்னு போர்டு மாட்டிடலாமா?" என்றான். கேலிதான். ஆனாலும் சுருக்கென்று தைத்தது.

மூன்றாவது தடவை வந்தவர்கள் பெரிய இடம் போலத் தெரிந்தார்கள். தரவுகளைப் பதிவு செய்யும் பன்னாட்டு நிறுவனம் என்றார்கள். ஆட்களைத் தேர்ந்தெடுத்ததும் தொலைபேசியில் தகவல் சொல்ல ஒரு குரல் வேண்டுமாம். சாம்பிளாகப் பேசி அனுப்ப இருபத்திரண்டு வரிகள் கொடுத்திருந்தார்கள். "வாழ்த்துகள். உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது" என்று தொடங்கி, "ஒரே நேரத்தில் வேறு நிறுவனத்தில் பணிபுரிபவர்களை நாங்கள் சேர்ப்பதில்லை. தற்போதைய பணியிலிருந்து விடுபட்டதற்கான கடிதத்தை ஒரு வாரத்துக்குள் அனுப்பவும்" என்று கறாராக முடிந்தது. கண்டிப்பு இருந்தால் நல்ல கம்பெனி என்று நினைப்பவர்கள்தானே நாம்! மேலே ஒரு குறிப்பும் இருந்தது: நம்பிக்கை தரும் குரலில், வீட்டு மனிதர் ஒருவருக்கு நல்ல செய்தி சொல்வதுபோலப் பேசவும்.

மைக்கிடம் பேசக் கூடாது, ஒரு ஆளிடம் பேச வேண்டும் என்பது அவளுடைய தொழில் ரகசியம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு முகத்தை மனதில் நிறுத்திக்கொள்வாள். அன்று போர்வைக்குள் அவள் நிறுத்திக்கொண்டது அண்ணன் முகத்தை. பத்தொன்பது வருடமாக லிஃப்ட் மெக்கானிக். ஊரில் எல்லோருக்கும் லிஃப்ட் உண்டு, மெக்கானிக்குக்கு மட்டும் கிடையாது. அது கெட்டுப்போனால்தானே அவனைக் கூப்பிடுவார்கள்! எட்டு மாடியானாலும் படியேறி மொட்டை மாடி மோட்டார் அறைக்குப் போய்ப் போய் முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டிருந்தன. உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று அவனுக்குக் கிடைத்ததாக நினைத்துக்கொண்டு, மூச்சை மெல்ல இழுத்து, "வாழ்த்துகள்" என்றாள். ஒரே தடவையில் சரியாக வந்தது. அன்றே அனுப்பிவிட்டாள்.

இதுவும் ஏமாற்றுதான் என்று பத்து நாளில் தெரிந்துவிட்டது. அவள் எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. விளம்பரமே காணோம். அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் அண்ணன் கேட்டான்.

"என்ன ரேடியோ, அந்தப் பெரிய கம்பெனி என்னாச்சு?"

கணவன் சோற்றிலிருந்து தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். அவன் வாயில் அந்த போர்டு தயாராக இருப்பது அவளுக்குத் தெரிந்தது.

"ரொம்பப் பிடிச்சுப்போச்சாம் அண்ணா. இனிமே அவங்களுக்கு நிரந்தரமா நான்தான் குரல்."

சொன்னது அவ்வளவுதான். அண்ணனுக்கு முகமெல்லாம் பல். அப்படியே, தனக்கும் அந்த சைட்டில் ஒரு கணக்கு திறந்து கொடுக்கச் சொன்னான். டைப்பிங் கற்றுக்கொள்கிறானாம். அவளே திறந்து கொடுத்தாள். "பார்த்து அண்ணா, எல்லாம் ஃபிராடுங்க. எதுவா இருந்தாலும் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்" என்று எச்சரிக்கவும் செய்தாள். ஊருக்கு உபதேசம் செய்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

ஐந்து மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை பகலில் அவள் அலமாரியை விட்டு வெளியே வந்தபோது அண்ணன் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். செருப்பு கையிலேயே இருந்தது.

"வேலை நாள்ல இங்க என்ன பண்ற?"

"வேலையை விட்டு ரெண்டு வாரம் ஆச்சு" என்று சிரித்தான். "தெரியாத மாதிரியே கேக்குறியே!"

"எனக்கென்ன தெரியும்?"

"நடிக்காத ரேடியோ. நானும் எவ்வளவு நாள்தான் தெரியாத மாதிரியே இருக்கிறது?" போனை எடுத்து மேசைமேல் வைத்து, பதிவாகியிருந்த ஓர் அழைப்பைப் போட்டுவிட்டான்.

முதலில் ஒரு சின்ன மூச்சு. மூக்கால் மெல்ல இழுக்கிற மூச்சு. பிறகு அவள் குரல் சொன்னது: "வாழ்த்துகள். உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது."

"அந்த மூச்சைக் கேட்டதுமே புரிஞ்சுபோச்சு" என்றான் அண்ணன். "சின்ன வயசுல நீ மூச்சு இழுத்தாலே, பேசப் போறா ஓடுங்கன்னு அம்மா சொல்வாங்களே, அதே மூச்சு. உடனே உன் அண்ணியைக் கூப்பிட்டு அவளையும் கேக்க வச்சேன். நீ கம்பெனில சொல்லி வச்சிருக்க. தங்கச்சி சிபாரிசுல வேலை வந்துச்சுன்னு தெரிஞ்சா எனக்குக் கூச்சமா இருக்கும்னு வாயைத் திறக்காம இருக்க. சரி, நாமளும் கண்டுக்காம இருப்போம்னு இருந்துட்டேன். முதல் மாசம் முடிஞ்சதும் வந்து சொல்லலாம்னு பார்த்தேன்."

அவள் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நேத்தே வேலை ஆரம்பிக்கணும், ஒண்ணும் வரல. நம்பரும் போக மாட்டேங்குது. உங்க கம்பெனிதானே, கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட்டது யாரோ, வாய் யாருடையதோ. பத்தொன்பது வருடம் பார்த்த வேலைக்கு ராஜினாமா கொடுத்து, சாவிக்கொத்தையும் கருவிப் பையையும் ஒப்படைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறான். சேர்க்கைக் கட்டணம் என்று கேட்டதையும் கட்டியிருக்கிறான்; அதுகூடப் போகட்டும். அந்தக் குரல் அவனை நினைத்துக்கொண்டே பேசிய குரல். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

எல்லாவற்றையும் சொன்னாள். சாம்பிளைச் சொன்னாள், ஆள் மாயமானதைச் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். நடுவில் எப்போதோ செருப்பைக் கீழே வைத்தான்.

"அப்போ அன்னிக்குச் சாப்பிடும்போது சொன்னது?"

"பொய்."

"ஏன்மா?"

"வெட்கமா இருந்துச்சு."

"என்கிட்டயா?" என்றான் அண்ணன்.

அவன் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். "யானைக்கும் அடி சறுக்கும், விடு" என்று எழுந்தான். பதிவு எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் பழக்க தோஷத்தில் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான்.

மறுநாள் அண்ணன் பழைய கம்பெனிக்குப் போனான். அவன் இடத்தில் பாதிச் சம்பளத்துக்கு ஓர் இளைஞனைப் போட்டுவிட்டார்களாம். மேலாளர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாராம். ரேடியோ அந்த இணையதளத்துக்கு மூன்று புகார் எழுதினாள். மூன்றுக்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி, உங்கள் நலனே எங்கள் நோக்கம்" என்று ஒரே பதில் வந்தது. பிறகு ஒரு முடிவோடு அலமாரிக்குள் போய், இந்தக் குரல் தன்னுடையது, இந்தக் குரலில் வேலை கிடைத்ததாக அழைப்பு வந்தால் நம்ப வேண்டாம் என்று பேசிப் பதிவு செய்து, குரல் கலைஞர்கள் குழுவிலும் தன் பக்கத்திலும் போட்டாள். நாற்பது பேர் வருத்தப்படும் பொம்மை முகத்தை அனுப்பினார்கள். அவளுடைய குரலில் பாடப் புத்தகம் செய்துகொண்டிருந்தவர், "மன்னிக்கணும், இந்தக் குரலை இப்போ பயன்படுத்துறது எங்களுக்குக் கொஞ்சம் சங்கடம்" என்று விலகிக்கொண்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அந்த வாரமே அதே இருபத்திரண்டு வரி வேறொரு கம்பெனியின் பெயரில், சாம்பிள் கேட்டுத் திரும்ப வந்ததாகக் குழுவில் ஒருத்தி எழுதியிருந்தாள்.

அண்ணியைப் பார்க்கப் போனபோது அவள் கதவைத் திறந்து, தண்ணீர் கொடுத்து, நன்றாகத்தான் பேசினாள். கிளம்பும்போது மட்டும், "நீ ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்றாள். ரேடியோ தலையை ஆட்டினாள். ஐந்து மாதமாகத் தொண்டைக்குள்ளேயே வைத்திருந்த வார்த்தை அது. போர்டு மாட்டலாமா என்று கேட்டுவிடுவார்களே என்று பயந்து வைத்திருந்த வார்த்தை. மாட்டியிருந்தால் என்ன குடியா முழுகியிருக்கும் என்று இப்போது தோன்றியது.

அதன்பிறகு அவள் அலமாரிக்குள் உட்காரும் நேரம் குறைந்தது. வேலையும்தான் குறைந்திருந்தது. பகலில் வெளியே கிளம்பி, ஐந்து மாடிக்கு மேல் இருக்கிற கட்டடமாகப் பார்த்து ஏறி இறங்கினாள். அண்ணனுக்கு லிஃப்ட் வேலை ஏதாவது உண்டா என்று வாயிற்காவலரிடம் கேட்பாள், உள்ளே விட்டால் குடியிருப்போர் சங்கச் செயலரிடம் கேட்பாள். இணையத்தில் ஒரு விரலால் செய்த வேலையை இப்போது இரண்டு காலால் செய்தாள். அண்ணன் முழங்கால் எப்படி வலித்திருக்கும் என்று அவளுக்கு மூன்றாவது வாரத்தில் தெரிந்தது.

ஐந்தாவது வாரம், மூன்று அடுக்குமாடிகள் சேர்ந்த ஒரு குடியிருப்பில் செயலர் அவளை உட்கார வைத்துப் பேசினார். மொத்தம் ஆறு லிஃப்ட்டாம். மேலே ஏறி இறங்க இரண்டு ஆட்கள் இருக்கிறார்களாம். அவர்களை மேய்க்க, தொழில் தெரிந்த ஒருவர் கீழே அறையில் உட்கார வேண்டுமாம். "வியாழக்கிழமை வரச் சொல்லுங்க. சரியா இருந்தா அன்னிக்கே சேர்ந்துக்கட்டும்" என்றார். ரேடியோ அந்த அறையைப் போய்ப் பார்த்தாள். நாற்காலி இருந்தது. உட்கார்ந்தும் பார்த்தாள்.

கேட்டுக்கு வெளியே வந்ததும் கை தானாகப் போனைத் தேடியது. அண்ணன் எடுத்தான். அவள் மூச்சை இழுத்தாள்.

"அண்ணா, நல்ல செய்தி. உனக்கு வேலை கிடைச்சிருக்கு."

சொல்லும்போதே அவளுக்குக் காதில் விழுந்துவிட்டது. அதே குரல். மாற்றிப் பேச அவளிடம் வேறு குரல் இல்லை.

"அண்ணா, நான்தான்" என்றாள்.

"தெரியுது. மூச்சு கேட்டுச்சே" என்றான். "தப்பா எடுத்துக்காதம்மா. நேர்ல வந்து சொல்றியா?"

பஸ்ஸுக்கு நிற்க மனமில்லாமல் நடந்தே போனாள். அண்ணன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். அவள் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள்: ஆறு லிஃப்ட், இரண்டு ஆட்கள், கீழ் அறை, நாற்காலி. முன்பெல்லாம் அவள் பேசினால் எங்கேயோ பார்த்துக்கொண்டு, காதை மட்டும் கொடுத்துச் சிரித்துக்கொண்டிருப்பான். இன்று அவள் முடிக்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரொம்ப நல்லதும்மா" என்றான் கடைசியில். பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான். "அந்த செயலர் நம்பர் இருக்கா? நானும் ஒரு தடவை பேசிக்கிறேன்."

கொடுத்தாள். அவன் எண்களை ஒவ்வொன்றாக ஒரு விரலால் அழுத்தினான். மணி அடித்து, அந்தப் பக்கம் ஓர் ஆண் குரல் கேட்கும்வரை ரேடியோ வாயைத் திறக்காமல் படியில் நின்றிருந்தாள்.