ஒன்பதாம் நம்பர்

இருபத்தாறு வருடமாகப் பெண்கள் கல்லூரியில் கூடைப்பந்து கோச்சாக இருக்கிறேன். இத்தனை வருடத்தில் யாரிடமும் கொடுக்காத பொருள் ஒன்றே ஒன்றுதான், லிஸ்ட் எழுதும் பேனா. விசிலைக் கொடுத்திருக்கிறேன். ஒருமுறை மழையில் நனைந்து நின்ற எதிரணிப் பெண்ணுக்கு என் ஜாக்கெட்டையே கழற்றிக் கொடுத்துவிட்டு வழியெல்லாம் நடுங்கியிருக்கிறேன். ஆனால் ஆட்டத்துக்கு முன்னால் பன்னிரண்டு பெயர்களையும் அவரவர் நம்பரோடு எழுதி, கையெழுத்துப் போட்டு ஸ்கோர் டேபிளில் கொடுக்கிற வேலையை இன்னொரு கை தொட விட்டதில்லை. பந்து வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மடியில் அட்டையை வைத்து எழுதுவேன். எதையும் பார்த்து எழுத மாட்டேன். என் பெண்களின் பெயரை எழுத எனக்குத் துண்டுச் சீட்டு எதற்கு என்று ஒரு திமிர்.

அந்தத் திமிர்தான் அரையிறுதி அன்று என் மானத்தை வாங்கியது.

மூன்று மாதமாகவே எனக்குள் ஒரு பயம் உட்கார்ந்திருந்தது. முதலில் சாவி. வீட்டுச் சாவியை ஃபிரிட்ஜில் முட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் அதை எடுத்துக் காட்டி, "சாவிக்குப் புழுக்கமா இருந்துச்சா?" என்று கேட்டார். சிரித்து மழுப்பினேன். அடுத்து, கல்லூரியில் வண்டியை எங்கே விட்டேன் என்று தெரியாமல் இருபது நிமிடம் அலைந்தேன். அதற்கப்புறம் பெயர்கள். மைதானத்தில் ஒரு பெண்ணைக் கூப்பிட வாயைத் திறப்பேன், உள்ளே ஒன்றும் இருக்காது. "ஏய், உன்னைத்தான்டீ!" என்று கத்திச் சமாளிப்பேன். கோபக்காரியாக இருப்பதில் அது ஒரு வசதி. கத்துகிறவளிடம் யாரும் காரணம் கேட்பதில்லை.

போதாததற்கு எல்லோருக்கும் பட்டப்பெயர் வைத்தேன். பந்தை எடுத்து ஓடுகிறவள் குட்டை. ஆறடி உயரத்தில் ஒல்லியாக நிற்பவள் கொக்கு. மேடத்துக்கு வயசாக ஆகப் பாசம் பொங்குகிறது என்று பெண்கள் நினைத்திருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

என் அம்மாவுக்கும் ஐம்பத்தைந்து வயதில் இப்படித்தான் ஆரம்பித்தது. கடைசியில் ஒருநாள் என்னைப் பார்த்து, "நீங்க யார் வீட்டுப் பொண்ணு?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டாள். எனக்கு இப்போது ஐம்பத்து நான்கு.

என் வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையில் ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறவர். அவர் கண்ணில் எதுவும் தப்பாது. மூளை டாக்டரிடம் இரண்டு முறை நேரம் வாங்கினார், இரண்டையும் நான் ரத்து செய்தேன். மூன்றாவது நேரம் திங்கட்கிழமை. அதே திங்கட்கிழமைதான் கல்லூரி முதல்வர் எனக்கு இன்னும் இரண்டு வருடம் வேலை நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார். "ஃபைனலுக்குக் கொண்டு போங்க மேடம், கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போடறேன்" என்று சொல்லியிருந்தார். கோச் வேலை போனால் நான் யார் என்று எனக்கே தெரியாது. இந்த மறதியும் சேர்ந்துகொண்டால் சுத்தம்.

அரையிறுதி அன்று காலையில் என் வீட்டுக்காரர் ஒரு சீட்டை என் பையில் வைத்தார். பன்னிரண்டு பெயர், பன்னிரண்டு நம்பர், அவருடைய குண்டு குண்டான கையெழுத்தில்.

"சும்மா இருக்கட்டும். பாத்து எழுதினா யாரும் அடிக்க மாட்டாங்க."

"என்னங்க, நான் என்ன ஒண்ணாங்கிளாஸா?"

"ஒண்ணாங்கிளாஸ்ல கூட ஒருத்தர் சொல்லிக் கொடுத்துதானேம்மா எழுதறோம்."

சுருக்கென்று வந்தது. அவர் செருப்பு மாட்டப் போன நேரம் பார்த்து, சீட்டை எடுத்துச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் செருகிவிட்டுக் கிளம்பினேன்.

பந்து அறையில் உட்கார்ந்து எழுதினேன். பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன, தடங்கலே இல்லை. பன்னிரண்டு வரி. எண்ணிப் பார்த்தேன், மறுபடி எண்ணினேன். பன்னிரண்டேதான். கையெழுத்துப் போட்டேன். மூன்று மாதத்தில் முதல் முறையாக எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எல்லாம் என் பிரமை, அம்மாவை நினைத்து நானே என்னைப் பயமுறுத்திக்கொண்டேன் என்று கூட நினைத்தேன்.

கொக்குதான் எங்கள் ஒன்பதாம் நம்பர். அவளை நான் ஆரம்பத்தில் இறக்குவதே இல்லை. எதிரணி ஓடி ஓடிக் களைத்த பிறகு, இரண்டாவது குவார்ட்டரில் விடுவேன். அன்றைக்கும் அப்படியே செய்தேன். கொக்கு டேபிளுக்குப் போய் நம்பரைச் சொன்னாள். நடுவர் உள்ளே வரச் சொல்லிக் கையசைத்தார். மைக்கில் இருந்தவர் லிஸ்டைப் பார்த்து ராகத்தோடு அறிவித்தார்: "மாற்று வீராங்கனை, ஒன்பதாம் நம்பர்..." என்று ஒரு பெயர்.

எனக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்த சிட்டு பாதி எழுந்துவிட்டாள். எழுந்தவள், ஏன் எழுந்தோம் என்று புரியாமல் அப்படியே நின்றாள்.

சிட்டு என் உதவிக் கோச். பதினான்கு வருடத்துக்கு முன்னால் என்னிடம் ஆடியவள், அந்த அணியின் ஒன்பதாம் நம்பர். மைக்கில் சொன்னது அவளுடைய பெயர். முழுப் பெயர். நான்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

லிஸ்டில் பெயர் இல்லாதவள் ஆடக் கூடாது. ஆட்டம் ஆரம்பித்த பிறகு பெயரைத் திருத்தவும் முடியாது. யாராவது கண்டுபிடித்தால் அணிக்கே ஒரு வருடத் தடை. ஆனால் யாரும் கவனிக்கவில்லை. நம்பர் சரியாக இருந்தது, பெயரைப் பற்றி யாருக்கு என்ன?

கொக்கு முதல் பந்தைக் கூடையில் போட்டாள். மைக் சிட்டுவின் பெயரைக் கத்தியது. இரண்டாவது கூடை, மறுபடி அதே பெயர். ஒவ்வொரு கூடைக்கும் கூட்டம் கைதட்டியது, எனக்கோ யாரோ என் கன்னத்தில் அறைகிற மாதிரி இருந்தது. இனி போடாதேடீ என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். கோச் வேலை பார்க்கிறவள் தன் பெண் கூடை போடக் கூடாது என்று வேண்டிக்கொண்டது உலகத்திலேயே அன்றுதான் நடந்திருக்கும். அந்தப் பாவி மகள் பதினோரு புள்ளி எடுத்தாள். இடைவேளையில் நாங்கள் முப்பத்தொன்று, அவர்கள் இருபத்தைந்து.

உடை மாற்றும் அறைக்குப் போகிற வழியில் சிட்டு என் முழங்கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தினாள்.

"மேடம், யாருக்கும் தெரியல. விட்டுடுங்க."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சா நான்தான் எழுதினேன்னு சொல்லிடறேன். பழக்கதோஷத்துல என் பேரையே எழுதிட்டேன்னு சொன்னா சிரிச்சுட்டுப் போயிடுவாங்க."

"கையெழுத்து என்னோடதுடீ."

"பாக்காம போட்டீங்கன்னு சொல்லிக்கலாம். திங்கட்கிழமை வரைக்கும் தாக்குப் பிடிச்சாப் போதும் மேடம்."

ஆசையாக இருந்தது. பொய் சொல்லவில்லை, அவள் கையைப் பிடித்துச் சரி என்று சொல்லிவிட அவ்வளவு ஆசையாக இருந்தது. ஆனால் திங்கட்கிழமை என்று அவள் சொன்னதும்தான் உறைத்தது. நான் எதற்குப் பயப்படுகிறேன் என்று இவளுக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. முப்பத்து நான்கு வயது, வீட்டில் குழந்தை, இப்போதுதான் தலையெடுக்கிற வேலை. என் தப்பை இவள் தலையில் கட்டிவிட்டு நான் முதல்வரிடம் கையெழுத்து வாங்கப் போவதா?

உள்ளே போனேன். பெண்கள் முகமெல்லாம் வேர்வையும் சிரிப்புமாக இருந்தார்கள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று தெரியும்.

"லிஸ்டுல கொக்கு பேருக்குப் பதிலா சிட்டு பேரை எழுதிட்டேன். அவசரத்துல இல்ல. எனக்கு மறக்குது. கொஞ்ச நாளாவே மறக்குது. உங்ககிட்ட சொல்லாம மறைச்சேன்."

யாரும் அதிர்ச்சி அடையவில்லை. அதுதான் எனக்கு முதல் அதிர்ச்சி. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

கொக்குதான் வாயைத் திறந்தாள். "தெரியும் மேடம்."

"என்ன தெரியும்?"

"மூணு மாசமா என்னைப் பாதி நாள் அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடறீங்க. பாதி நாள் கொக்கு, பாதி நாள் அது."

"அப்புறம் எதுக்குடீ திரும்பினே?"

"நீங்க என்னைப் பாத்துதானே கூப்பிட்டீங்க."

குட்டை தொண்டையைச் செருமினாள். "நாங்க எங்களுக்குள்ள ஒரு ரூல் வெச்சிருக்கோம் மேடம். மேடம் எந்தப் பேரைச் சொன்னாலும் சரி, யாரைப் பாக்கறாங்களோ அவ ஓடணும்."

அழுகை வந்தது. இவர்களுக்கு முன்னால் நான் அழுததே இல்லை, அன்று அழுதேன். திட்டுகிறவளின் அழுகையைப் பார்த்துப் பழக்கமில்லாததால் ஒருத்தி எனக்குத் துண்டு கொடுப்பதா தண்ணீர் கொடுப்பதா என்று தெரியாமல் இரண்டையும் நீட்டினாள். இருபத்தாறு வருடமாக எத்தனையோ ஆட்ட முறை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இந்த ஒன்றை அவர்களே எனக்குத் தெரியாமல் பழகியிருக்கிறார்கள். நான் ஒளித்து வைத்ததாக நினைத்த மூன்று மாதமும் அவர்கள்தான் என்னை ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

"இந்த வருஷம் உனக்குக் கடைசி வருஷம்" என்றேன் கொக்குவிடம். "நான் இப்பப் போய்ச் சொன்னா நீ வெளிய உக்காரணும்."

கொக்குவின் முகம் வாடியது. வாடாமல் எப்படி இருக்கும்? விரல்களில் சொடக்கு எடுத்தாள்.

"பதினோரு பாயிண்ட் வேற யாரோ பேர்ல இருக்கறது எனக்கும் பிடிக்கல மேடம்" என்றாள்.

டேபிளுக்கு நடந்தேன். அந்த முப்பது அடி என் வாழ்க்கையிலேயே நீளமான முப்பது அடி. தலைமை நடுவர் சொன்னதைக் கேட்டார், லிஸ்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். நாங்களே வந்து சொன்னதால் தடை இல்லை என்றார். இந்த ஆட்டத்தில் கொக்கு இனி ஆடக் கூடாது, அவள் எடுத்த பதினோரு புள்ளியும் கழியும். இருபதுக்கு இருபத்தைந்து என்று பலகை மாறியது. மைக்கில் இருந்தவர் காரணத்தையும் அறிவித்தார். கோச் செய்த தவறு என்று அரங்கம் முழுக்கக் கேட்டது. முதல் வரிசையில் இருந்த எங்கள் முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இரண்டாம் பாதியில் என் பெண்கள் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். நான் யாரையாவது பார்த்து வாயைத் திறந்தால் போதும், பெயர் வருவதற்கு முன்னாலேயே அவள் ஓடினாள். மூன்று புள்ளியில் தோற்றோம்.

வெளியே வந்து வீட்டுக்காரருக்கு ஃபோன் செய்தேன்.

"தோத்துட்டோங்க. சீட்டு சர்க்கரை டப்பாவுக்கு அடியில இருக்கு."

"பாத்தேன்" என்றார். காலையிலேயே பார்த்திருக்கிறார்.

"திங்கட்கிழமை முதல்ல டாக்டர்கிட்ட போகலாம். அப்புறம் முதல்வர். என்ன ஏதுன்னு அவர்கிட்ட நானே சொல்றேன்."

"சரிம்மா. நானும் வரேன்."

மறுநாள் மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். பந்து அறைக் கதவைச் சாத்தவில்லை. சிட்டுவை உட்கார வைத்து அட்டையையும் பேனாவையும் கொடுத்தேன். அவள் வாங்கிய விதத்தைப் பார்த்தால் பேனா சுடுகிறதோ என்று தோன்றியது. பெண்கள் வாசலில் வரிசையாக நின்றார்கள். நான் ஒவ்வொருத்தியையும் பார்த்துப் பெயரைச் சொல்ல, சிட்டு எழுதினாள். வராத இடத்தில் அவர்களே சொன்னார்கள். சொல்லும்போது யாரும் குரலைத் தாழ்த்தவில்லை.

கொக்குவின் முறை வந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினேன். இது ஒன்றையாவது நானே சொல்ல வேண்டும். நேற்று ராத்திரி பத்து தடவை சொல்லிப் பார்த்த பெயர். அவள் கண்ணைப் பார்த்து, சத்தமாக, தெளிவாகச் சொன்னேன்.

பேனா எழுதாமல் நின்றது. மறுபடி சிட்டுவின் பெயர்தான் வந்திருக்கிறது என்று அதிலிருந்தே தெரிந்துவிட்டது.

"இருக்கேன் மேடம்" என்றாள் கொக்கு, என்னைப் பார்த்தபடியே. பிறகு சிட்டுவின் பக்கம் குனிந்து, தன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னாள்.