சகலை வீட்டுச் சீமை அகத்தி

முடி வெட்டுகிறவனுக்குப் படர்தாமரை வந்தால் அதை யாரிடம் சொல்லி அழுவது? செய்தி வெளியே போனால் அன்றைக்கே கடை காலி. எனக்கு வந்தது பின்கழுத்தில், சரியாக முடி முடிகிற இடத்தில். வட்டமாகச் சிவந்து, ஓரம் தடித்து, அரிப்போ அரிப்பு. காலர் பொத்தானை இறுக்கிப் போட்டுக்கொண்டு தொழில் செய்தேன். துண்டுகளைக் காலையிலும் மாலையிலும் கொதிக்க வைத்தேன். யாருக்காவது ஒட்டிக்கொண்டால் அந்தப் பாவம் என்னைத்தானே சேரும்.

போதாக்குறைக்கு, சுகாதார ஆய்வாளர் வர இன்னும் இருபத்தைந்து நாள்தான் இருந்தது. வருடத்துக்கு ஒரு முறை வருவார். கை, நகம், கழுத்து, கத்தி, துண்டு ஒன்று விடாமல் பார்ப்பார். தோல் நோய் என்றால் கடையைப் பூட்டச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். அப்படிப் பூட்டிய ஒருவனை எனக்குத் தெரியும். அவன் மறுபடி திறந்தபோது வாடிக்கைத் தலை ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

டாக்டரிடம் போக வேண்டியதுதானே என்பீர்கள். டாக்டர் என் கடைக்கு நேர் எதிரேதான் இருக்கிறார். அங்கே வாசலில் உட்கார்ந்திருக்கும் அம்மாள், பேரையும் நோயையும் சேர்த்துத்தான் கூப்பிடுவாள். இந்தத் தெருவில் யாருக்கு மூலம், யாருக்கு மூட்டுவலி என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அதனால் மருந்துக் கடையில் வாயைத் திறக்காமல் ஒரு களிம்பு வாங்கிப் போட்டேன். வட்டம் இன்னும் பெரிதானது.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் என் மனைவி. "என் தங்கச்சி வீட்டுல சீமை அகத்தி இருக்கு. அந்த இலையை அரைச்சுப் போட்டா படர்தாமரை ஓடிடும்னு சொல்றா. போய் வாங்கிட்டு வரவா?" என்றாள்.

"அவன் வீட்டுல இருந்து ஒரு துரும்புகூட இந்தப் படி ஏறக் கூடாது."

"செடியை அவர் வைக்கலைங்க. என் தங்கச்சி வெச்சது."

"தண்ணி யார் ஊத்துறது?"

"யாரும் ஊத்த வேணாம். குளிக்கிற தண்ணி தானா அங்க ஓடுது."

"யார் குளிக்கிற தண்ணி?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அவன் என்றால் என் சகலை, கொழுந்தியாளின் புருஷன். ஒரே கடையில் இரண்டு நாற்காலி போட்டு ஒன்பது வருடம் சேர்ந்து தொழில் செய்தோம். திங்கட்கிழமை கடை விடுமுறை. அன்றைக்கு அவனுக்கு நான் வெட்டுவேன், எனக்கு அவன் வெட்டுவான். ஒருநாள் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர் வந்தார். மண்டையில் மொத்தம் பதினோரு முடி இருக்கும். என் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. "பரவாயில்ல, அவர்கிட்டயே வெட்டிக்கிறேன்" என்று அரை மணி நேரம் காத்திருந்தார். எனக்கு வயிறு எரிந்தது. அவர் போனதும் நான் ஒரு வார்த்தை சொன்னேன், அவன் ஒரு வார்த்தை சொன்னான், அது தடித்துவிட்டது. அவன் தெருக்கோடியில் தனிக்கடை போட்டான். மூன்று வருடமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்காவும் தங்கையும் மட்டும் தினமும் ஒரு மணி நேரம் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வீறாப்பு வாயில்தான் இருந்தது. கழுத்து அதைக் கேட்கவில்லை. ஒரு மதியம், சகலை கடையில் இருக்கிற நேரமாகப் பார்த்து அவன் வீட்டுப் பின்சந்துக்குப் போனேன்.

செடி என்று நினைத்துப் போனால் என் தலைக்கு மேல் நின்றது. குளியலறைத் தண்ணீர் தேங்கும் ஈரத்தில், முழு வெயிலில், சும்மா மதமதவென்று வளர்ந்திருந்தது. உச்சியில் நட்டுவைத்த மெழுகுவர்த்திகள் மாதிரி மஞ்சள் பூக்கொத்துகள். கீழே மொட்டவிழ்ந்து பூவாகியிருக்க, மேலே இன்னும் ஆரஞ்சு மூடிக்குள் மொட்டுகள். ஒவ்வொரு இலையும் என் முழங்கையை விட நீளம், இரண்டு பக்கமும் ஜோடி ஜோடியாகச் சிற்றிலைகள். என்ன ஆச்சரியம் என்றால், கைக்கெட்டும் கிளைகளிலெல்லாம் இலையே இல்லை, மொட்டையாக நின்றன. எக்கி ஒரு இலையை ஒடித்தேன். ஒடித்த வேகத்தில் பத்துப் பதினைந்து எறும்புகள் என் சட்டைக் கைக்குள் புகுந்தன.

"மாமா, வாங்க. என்ன இப்படி ஆடிக்கிட்டு நிக்கிறீங்க?" கொழுந்தியாள் பின்கதவில் நின்றாள்.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன்மா. பூ நல்லா இருக்கேன்னு பார்த்தேன்."

அவளுக்கு அது போதும். செடிப் பைத்தியம். மூன்று வருடமாக வராதவன் ஏன் வந்தான் என்றுகூடக் கேட்கவில்லை. "இலைக் காம்புல இனிப்பு ஊறும் மாமா. எறும்பு அதைக் குடிச்சிட்டுக் காவல் காக்கும். சாயங்காலம் வந்து பாருங்க, இலையெல்லாம் மூடிக்கிட்டுத் தூங்கும்" என்றாள். பூத்து முடிந்ததும் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் இரண்டு மடங்காகத் துளிர்க்குமாம். நான்கு இறக்கை வைத்த கறுத்த நெற்று ஒன்றை உடைத்துக் காட்டினாள். உள்ளே ஐம்பதுக்குக் குறையாமல் தட்டை விதைகள். "இதைக் கீழ விழ விட்டா அவ்வளவுதான், சந்து முழுக்க இதுவே முளைக்கும். அவரைக்காய்ச் சாதி, கேக்கவா வேணும். ஆனா கீழ் இலைதான் நிக்க மாட்டேங்குது. மஞ்சள் பட்டாம்பூச்சியோட புழு தின்னுடுது போல."

நான் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டேன். இலை என் சட்டைக்குள் இருந்தது, அதோடு எறும்புகளும் இருந்தன. உயிர் போய் உயிர் வந்தது.

வீட்டில் மனைவிக்குத் தெரியாமல் அரைத்துப் பூசினேன். பின்கழுத்தை எந்த மனிதன் பார்த்திருக்கிறான்? பாதி காதில், பாதி காலரில். இரண்டு நாளில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. வெளியே தடவுவதை விட உள்ளே போனால் வேகமாகக் கேட்குமே என்று என் அதிமேதாவி மூளைக்குத் தோன்றியது. மூன்றாம் நாள் காலை இலையைக் கொதிக்க வைத்து இரண்டு டம்ளர் குடித்துவிட்டுக் கடையைத் திறந்தேன்.

பதினோரு மணிக்குத் தபால்காரர் சவரத்துக்கு உட்கார்ந்தார். இடது கன்னம் முடித்து வலது கன்னத்துக்குக் கத்தியை எடுத்தபோது வயிற்றுக்குள் இடி இடித்தது. "ஒரு நிமிஷம் சார்" என்று ஓடினேன். வந்தேன். திரும்பவும் ஓடினேன். மூன்றாவது முறை திரும்பி வந்தபோது நாற்காலி காலி. வலது கன்னத்து நுரையோடு மனிதர் எழுந்து போயிருந்தார். போனது எங்கே என்று எனக்கா தெரியாது?

அன்று மாலை கடையில் துவண்டு உட்கார்ந்திருந்தேன். படியில் நிழல் விழுந்தது. சகலை கையில் ஒரு காகிதப் பொட்டலத்தோடு நின்றான்.

"குடிச்சீங்களா, அண்ணே?"

"எதை?"

"தபால்காரர் பாதி மூஞ்சியோட வந்தாரு. வயித்துக் கோளாறுன்னாரு. இவ வேற, மாமா வந்து செடியைப் பார்த்துட்டுப் போனாருன்னு சொன்னா. எத்தனை டம்ளர்?"

இனி மறைத்து என்ன பயன். "ரெண்டு."

"அடேயப்பா. நான் ஒண்ணுதான் குடிச்சேன். அதுக்கே ரெண்டு நாள் கடை திறக்கல."

"நீங்க எதுக்குக் குடிச்சீங்க?"

அவன் திரும்பி நின்று காலரை இறக்கினான். முடி முடிகிற இடத்தில், அதே வட்டம், அதே தடித்த ஓரம். கொழுந்தியாளின் செடியை மொட்டையடித்த புழு எது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"சகலை, நீங்க முடி எங்க வெட்டிக்கிறீங்க?"

"பஸ் ஸ்டாண்டு கடையிலதான். நீங்க?"

"அங்கதான்."

பஸ் ஸ்டாண்டு கடையில் பத்துத் தலைக்கு ஒரே துண்டு. அது தெரிந்தும் போனோம். தொழில் தெரிந்த இரண்டு பேர், ஒரே தெருவில் கடை வைத்துக்கொண்டு, ஒருவன் கையில் ஒருவன் தலையைக் கொடுக்க மனமில்லாமல், எவனோ ஒருவனின் அழுக்குத் துண்டுக்குக் கழுத்தை நீட்டியிருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது. அவனும் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"உட்காருங்கண்ணே" என்று நாற்காலியைத் தட்டினான்.

மூன்று வருடம் கழித்து என் தலையில் அவன் கை பட்டது. வட்டத்தைச் சுற்றி முடியை ஒட்ட வெட்டி, சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் ஒற்றி, பொட்டலத்தில் கொண்டுவந்த அரைத்த இலையை ஓரத்துக்கு வெளியேயும் ஒரு விரல் அகலம் சேர்த்துப் பூசினான். "இதைக் குடிக்கக் கூடாது, பூசணும். அதுவும் தினம் பூசணும்" என்று எனக்கே புத்தி சொன்னான். பிறகு கத்திரியைக் கொதிக்க வைத்து, கையைக் கழுவிக்கொண்டு, அவனுக்கு நான் செய்தேன். அன்று முதல் தினமும் கடை மூடும் நேரத்தில் இதுவே வேலை. பதினெட்டாம் நாள் இருவர் கழுத்திலும் தழும்புகூட இல்லை.

ஆய்வாளர் சொன்ன தேதிக்கு வந்தார். நகத்தைப் பார்த்தார், துண்டை முகர்ந்தார், என்னைத் திருப்பி நிறுத்திக் காலரை இறக்கினார். அவர் விரல் பின்கழுத்தில் முடி முடிகிற கோட்டின் மேல் மெல்ல ஓடியது.

"நேர்கோடு பிடிச்ச மாதிரி இருக்கே. யார் வெட்டினது?"

"என் சகலைங்க. தெருக்கோடியில கடை வெச்சிருக்காரு."

"நானும் ரொம்ப நாளா நல்ல ஆளாத் தேடிக்கிட்டு இருக்கேன்" என்றார், தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே.

என் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. இருந்தாலும் நானே கூட நடந்து போய், அவரைச் சகலையின் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பினேன். வயிறு கொஞ்சம் எரிந்தது, பொய் சொல்வானேன். கழுத்து மட்டும் அரிக்கவில்லை.